கடலடி வாழிடங்களை வரைபடமாக்குதல்

இந்தியாவின் தனிப் பொருளாதார மண்டலம் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்புடையது. அதன் வளங்கள் மீது நாட்டிற்குள்ள உரிமைகளை 1976ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துரைத்தது. நிலத்தில் ஒவ்வொரு வயலுக்கும் புல எண் உண்டு; அடங்கல் உண்டு. கடலடியிலோ, எங்கே பவளம், எங்கே கடற்புல், எங்கே வெறுஞ்சேறு என்று காட்டும் ஆவணம் இன்னும் துண்டு துண்டாகவே இருக்கிறது. மாலுமிகள் கையாளும் ஆழப்படம் இக்குறையை நீக்காது. கப்பல் தரைதட்டாமல் காப்பது அதன் பணி. எந்த உயிரினம் எத்தளத்தை நம்பி வாழ்கிறது என்பதை அது கூறுவதில்லை.

கடலடியை அளக்கப் பெரிதும் துணைபுரிவது ஒலி. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி 0.04 நொடியில் திரும்பினால் அவ்விடத்தின் ஆழம் 30 மீட்டர். எதிரொலி வலுவாக இருப்பின் கடினமான பாறை, மங்கலாக இருப்பின் மென்சேறு எனப் பொதுவாக ஊகிக்கலாம். பல கதிர்களை விசிறிபோல் பரப்பும் கருவி ஒரே ஓட்டத்தில் அகன்ற பட்டையை அளந்துவிடும். ஆயினும் பட்டையின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. 2,000 மீட்டர் ஆழத்தில் பல கிலோமீட்டர் அகலம் கிடைக்கும். 10 மீட்டர் ஆழத்தில் சில பத்து மீட்டரே கிடைக்கும். ஆகவே, பவளமும் கடற்புல்லும் செழிக்கும் ஆழமற்ற பகுதியை அளப்பதற்கே சதுர கிலோமீட்டருக்கு மிகுந்த காலமும் பொருளும் செலவாகின்றன. வரவுசெலவுத் திட்டம் வகுப்போர் கருதவேண்டிய முரண் இது.

இக்குறையைச் செயற்கைக்கோள் ஓரளவு ஈடுசெய்கிறது. லட்சத்தீவின் தெளிந்த காயல்களில் ஒளி அடித்தளம்வரை சென்று மீள்வதால் படம் துலக்கமாக அமைகிறது. கட்ச் வளைகுடாவின் நீரோ கலங்கலானது. ஆனால் அங்கு ஓதத்தின் ஏற்றவற்றம் மிகப் பெரிது. வற்றத்தின்போது பவளத்திட்டுகள் வெளிப்பட்டு நிற்கும். அந்நேரத்தில் எடுத்த படங்களைக் கொண்டே அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அத்திட்டுகளை வரைந்தது. வானிலிருந்து நோக்கும்போது உயிருள்ள பவளமும் பாசி படர்ந்த இறந்த பவளமும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். ஆகவே நேரில் இறங்கிச் சரிபார்ப்பது தவிர்க்க இயலாதது. செலவைக் குறைக்க இப்படியைக் கைவிடும் ஆய்வு அழகிய வண்ணத்தாளே அன்றி வரைபடம் ஆகாது.

கட்ச் வளைகுடாவில் 1980இல் கடல்வாழ் உயிரினச் சரணாலயமும், 1982இல் நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவும் அமைக்கப்பட்டன. சிமெண்ட் உற்பத்திக்காகப் பவள மணல் அள்ளப்பட்ட கடற்பகுதி அது. துறைமுகங்களும் அங்கே உள்ளன. கச்சா எண்ணெயைக் கரைக்குக் கொணரும் குழாய்களும் உள்ளன. குழாயை நூறு மீட்டர் தள்ளிப் பதித்தால் ஒரு திட்டு பிழைக்குமா என்ற கேள்விக்கு நுண்ணிய வரைபடமின்றி விடையளிக்க இயலாது. திட்டம் முடிவான பின் அளப்பதைவிட முன்னரே அளப்பது சிக்கனமானது. எனினும் அளவையின் பயன் பலருக்கும் பொதுவாகச் சேர்வதால் எந்தத் தனி நிறுவனமும் அதன் செலவை விரும்பி ஏற்பதில்லை. அது அரசின் பொறுப்பாகவே அமைகிறது.

மீனவரைக் கலந்தும் வரையவேண்டும். வலை எங்கே பாரில் சிக்கும், எங்கே சேற்றில் இழுபடும் என்பதை அவர்கள் தலைமுறையாக அறிவர். அவர்களைக் கேளாமல் வரைந்த எல்லைக்கோடு அவர்களது பிழைப்பின் குறுக்கே போட்ட வேலியாகிவிடும்.

ஒருமுறை வரைந்தது நிலைத்தும் நிற்பதில்லை. 1998இல் கடல்நீர் வெப்பமுற்றபோது லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் பெருமளவில் வெளிறின. கட்ச்சில் பாதிப்பு குறைவு. ஆழப்படத்தில் அவ்வாண்டு எந்த மாற்றமும் இல்லை. வாழிடப் படத்தையோ புதிதாகவே வரையவேண்டியிருந்தது.