விரலைக் கேட்டு வாங்குங்கள்

கோலார் தங்கவயலில் ஒருவர் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால், அந்த மனு இரண்டு ஊர்களுக்கு இடையே நடக்கிறது. உரிமம் தருகிறவர் கோலாரில் இருக்கும் மாவட்ட ஆட்சியர். கர்நாடக வழக்கில் டி.சி. மனுதாரரைப் பற்றி விசாரித்து எழுதுவதோ தங்கவயலுக்கென்றே தனியாக இருக்கும் எஸ்.பி.யின் போலீஸ். வருவாய்த் துறைக்குக் கோலார் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கும் ஊர், போலீசுக்கு மட்டும் தனி மாவட்டம். தங்கம் வெட்டிய காலத்துக் காவல் ஏற்பாட்டின் மிச்சம் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அது கலையவில்லை. துப்பாக்கியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர்களையும் ஆங்கிலோ இந்தியர்களையும் சேர்த்து இங்கே ஒரு தொண்டர் ரைபிள் படையே நடத்தினார்கள். சுரங்கத்தில் இறங்கிய தமிழர்களுக்கு அதில் இடம் கிடையாது. இன்று சட்டத்தின் முன் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று மனுப் போடலாம். ஆனால் மாதக்கணக்கில் காகிதத்தோடு அலைந்து உரிமம் வாங்கியவர், பெங்களூருக்குப் போய்த் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: என்ன மேக், என்ன விலை? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதுதான் முதலில் வரவேண்டியது என்பது என் கட்சி: இதன் விசை என் விரலுக்கு எப்படி இருக்கிறது?

கேள்வியின் எல்லையை முதலில் பார்த்துவிடலாம். வீடியோக்களில் ஒப்பிட்டுக் காட்டப்படும் பெரிய கைத்துப்பாக்கிகளான கிளாக் 17, பெரெட்டா 92, சிக் பி226 எல்லாம் 9 மி.மீ. தோட்டாவுக்கானவை. நம் நாட்டில் அந்த அளவு சாதாரணக் குடிமகனுக்குத் தடை. தனியார் தற்காப்புக்காகத் துப்பாக்கி இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுவிலிருந்து மூடிக் கிடக்கிறது. மீதியில் பெரும்பாலும் கிடைப்பது ‘முப்பத்திரண்டு’ என்று எல்லோரும் சொல்லும் .32 அளவுதான். அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர், அஷானி பிஸ்டல், 2014-இல் வந்த நிர்பீக், 2023-இல் வந்த பிரபல், உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் தயாராகும் வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வர், அப்புறம் கைமாறி வரும் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டே துப்பாக்கிகள். அவற்றில் ஒன்று கைத்துப்பாக்கி என்றால், தப்பாகத் தேர்ந்ததை மாற்றுவதற்கு மறுபடி காகிதத்தோடு அலைய வேண்டும். (ரிவால்வருக்கான .32 தோட்டாவும் பிஸ்டலுக்கான .32 தோட்டாவும் வேறு வேறு, ஒன்றுக்கொன்று பொருந்தாது. எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.)

பெரிய துப்பாக்கியின் பெருமை அதன் ஆகிருதியில் இல்லை, ஒரு சின்ன முக்கோணக் கணக்கில் இருக்கிறது. குறி பார்க்க முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு பள்ளம். இரண்டுக்கும் இடையே 10 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன்முனை 1 மி.மீ. விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் தோட்டா 10 செ.மீ. தள்ளிப் போகும். அதே இடைவெளி 16 செ.மீ. என்றால் விலகல் ஆறு செ.மீ. சொச்சம்தான். பிரபல் ரிவால்வரின் வீச்சு 50 மீட்டர் என்று விளம்பரம் செய்கிறார்கள். தோட்டா அவ்வளவு தூரம் போகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட 10 செ.மீ. இடைவெளியில் அந்த 1 மி.மீ. பிசகு 50 மீட்டரில் அரை மீட்டராகிவிடும். குறி வைத்தது ஒருவரை என்றாலும், குண்டு பக்கத்து ஆளைத் தொடுவதற்கு அது போதும். அந்த 1 மி.மீ. பிசகு எங்கிருந்து வருகிறது? கண்ணிலிருந்து வருவது குறைவு. பெரும்பாலும் விசையை இழுக்கும் விரலிலிருந்துதான் வருகிறது.

விசை என்பது வெறும் பொத்தான் அல்ல. விரல் முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பில்லாமல் வெற்றாக நகரும். பிறகு ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கிருந்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உள்ளே ஒரு பல் இன்னொரு பல்லை விட்டுவிடுகிறது. சுத்தியல் விழுந்து தோட்டாவின் அடியைத் தட்டுகிறது. பல் விடுபட்ட பிறகும் விசை மேலும் பின்னால் ஓடினால் கை அதோடு சேர்ந்து இழுபடும். அடுத்த குண்டுக்கு விசையை எவ்வளவு தூரம் முன்னால் விடவேண்டும் என்பது கடைசிச் சங்கதி. இந்த ஒவ்வொரு கட்டத்தையும் விரல் தனித்தனியாக உணர முடியும். பெமல் ஆலையிலும் பழைய சுரங்கப் பட்டறைகளிலும் வேலை பார்த்த ஃபிட்டர்களின் ஊருக்கு இதை விளக்கிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். மரையில் ஸ்க்ரூ சரியாக ஏறுகிறதா, கடித்துக்கொண்டு ஏறுகிறதா என்று கைக்குத் தெரிவதைப் போன்றதுதான் இது. நல்ல விசை இலேசாக இருக்க வேண்டும் என்பதில்லை. அழுத்தம் ஒரே சீராக ஏற வேண்டும், எங்கே விடுபடும் என்பது ஒவ்வொரு தடவையும் ஒரே இடமாக இருக்க வேண்டும்.

எடைக்கணக்கும் இங்கே பேசுகிறது. ரிவால்வரில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுட்டால், விசைக்கு வேலை சுத்தியலை விடுவிப்பது மட்டும். ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம் போதும். சுத்தியலைத் தொடாமல் நேரே விசையை இழுத்தால், அந்த ஒரே இழுப்பு சுத்தியலைத் தூக்க வேண்டும், உருளையைச் சுற்ற வேண்டும், பிறகு சுத்தியலை விடவும் வேண்டும். அதற்கு நான்கைந்து கிலோ சாதாரணம். ரிவால்வரின் எடையோ முக்கால் கிலோவை ஒட்டி. அதாவது தன் எடையைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு பலத்தை ஒற்றை விரலால் கொடுத்துக்கொண்டே அந்தப் பொருளை அசையாமல் பிடிக்கச் சொல்கிறோம். விரல் கொஞ்சம் கோணலாக இழுத்தாலும் முன்முனை ஓடிவிடும். நம் ராணுவத்தின் பழைய 9 மி.மீ. பிஸ்டல் பிரௌனிங் வடிவத்தில் ஈசாப்பூரில் தயாரானது. அதில் சுத்தியல் எப்போதும் ஏற்றிவைத்தே சுடப்படுவதால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்குப் பதிலாக, ஏற்றிய சுத்தியலோடு இருக்கும் துப்பாக்கியின் காப்பைக் கவனிக்கும் வேலை வந்து சேர்கிறது. பெரெட்டா 92 போன்றவற்றில் முதல் குண்டுக்கு ஒரு கனம், இரண்டாவதற்கு வேறு கனம். ஒரே துப்பாக்கிக்குள் இரண்டு துப்பாக்கிகள். எதுவும் குற்றமில்லாதது அல்ல. எந்தக் குற்றத்தோடு பழகப் போகிறோம் என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கிக்குக் கனத்த விசைதானே பாதுகாப்பு? பதற்றத்தில் விரல் பட்டுச் சுட்டுவிடாதே. நியூயார்க் நகரப் போலீஸ் இப்படித்தான் யோசித்தது. ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியபோது, வழக்கமாக இரண்டரைக் கிலோவில் விடுபடும் கிளாக் விசையை வேறு ஸ்பிரிங் போட்டு ஐந்து கிலோவுக்கு மேல் கனமாக்கியது. 2012 ஆகஸ்ட் 24-ஆம் தேதி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் ஒரு கொலையாளியை நோக்கி இரண்டு போலீஸார் 16 குண்டுகள் சுட்டார்கள். அந்த ஆள் இறந்தான். கூடவே வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் போலீஸ் குண்டாலும் அதன் சிதறலாலும் காயப்பட்டார்கள். பழி முழுவதையும் ஸ்பிரிங்கின் மேல் போடுவது நேர்மையல்ல. கூட்டம், நெருக்கம், பயிற்சி எல்லாம் சேர்ந்த விபத்து அது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2008-இல், அந்தப் போலீஸை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம் இலேசான விசையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. எதிர்ப்பக்கத்துச் சாட்சியையும் கேட்க வேண்டும். உலகப் போட்டிகளில் 25 மீட்டர் பிஸ்டல் விசை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி. எடையைத் தொங்கவிட்டுச் சோதித்த பிறகுதான் களத்துக்கு விடுகிறார்கள். தினமும் பயிற்சி செய்கிற விளையாட்டுக்காரர்களுக்கே ஒரு கீழ்வரம்பு இருக்கிறதென்றால், இலேசுக்கு ஆசைப்படுவதும் தப்பு. சுட முடிவெடுக்கும்வரை விரல் விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு வெளியே இருப்பதுதான் பாதுகாப்பு. அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு எந்த ஸ்பிரிங்கும் துணை நிற்காது.

பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் மோகத்தையும் இதே தராசில் வைக்கலாம். இறக்குமதி நின்றதால் அவற்றின் விலை தரத்துக்கு ஏற்ற விலை அல்ல, அருமைக்கு ஏற்ற விலை. வெப்ளி என்ற பெயரைக் கேட்டதும் உருகுகிறவர்கள், நம் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் அதே வெப்ளி வடிவத்தின் வழிவந்ததுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். பழைய துப்பாக்கியின் விசை வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்பார்கள். அந்த வழவழப்பு நல்ல வேலைப்பாடாலும் இருக்கலாம், உள்ளே பல் தேய்ந்ததாலும் இருக்கலாம். தேய்ந்த பல் ஒருநாள் கேட்காமலே விட்டுவிடும். விரல் மட்டும் இதைக் கண்டுபிடிக்காது. பிரித்துப் பார்க்கத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நிர்பீக் வந்தபோது ஐந்நூறு கிராம் சொச்சம்தான், கைப்பையில் அடங்கும், பெண்களுக்கு ஏற்றது என்றார்கள். விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். கைப்பையில் அடங்குவது சுமப்பவருக்கு வசதி, சுடுபவருக்கு அல்ல. அதே .32 தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கி சுட்டால் கையில் உதைப்பு கூடும். ரிவால்வரின் உருளையைச் சுற்றும் வேலை துப்பாக்கி சிறுத்ததால் மட்டும் குறைந்துவிடாது. கை சிறியதா, பிடியைப் பற்றியபடி விரலின் முதல் கணு விசைக்கு எட்டுகிறதா என்பதுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான அளவுகோல். எட்டாதவர் பிடியைத் திருப்பிப் பிடிப்பார். திருப்பிப் பிடித்தால் இழுப்பு கோணலாகும்.

கடையில் சுட்டா பார்க்க முடியும் என்று கேட்கலாம். முடியாது. ஆனால் தோட்டா இல்லை என்று கடைக்காரரும் நாமும் தனித்தனியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவர் அனுமதியோடு, டம்மி தோட்டா போட்டுப் பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. (.22 துப்பாக்கியில் மட்டும் வெறுமனே சுத்தியலைத் தட்டவிடக் கூடாது, உள்ளே அடிபடும்.) 2016 ஆயுத விதிகளின்படி மனுவோடு பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும், அந்தப் பயிற்சியில் சுடும் முறையும் அடக்கம். சான்றிதழுக்காக மட்டும் போய் வருவதற்குப் பதிலாக, அங்கே கிடைக்கும் எல்லாக் கைத்துப்பாக்கிகளின் விசையையும் இழுத்துப் பார்க்கலாம். மாவட்டப் போலீஸ் பொதுமக்களுக்கு நடத்தும் முகாம்களில் தருவது பெரும்பாலும் ரைபிள் பயிற்சி. தோளில் பதிந்த ரைபிளின் விசை, நீட்டிய கையில் தொங்கும் பிஸ்டலுக்குப் பாடமாகாது. .177 அளவில் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு உரிமமே தேவையில்லை. மனு நடந்துகொண்டிருக்கும் மாதங்களை ஒரு ரேஞ்சில் அதோடு கழித்தவருக்கு, கடைக்குப் போகும்போது எதைத் தேடுகிறோம் என்று விரலுக்குத் தெரிந்திருக்கும்.

கடையில் செய்துபார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. காலித் துப்பாக்கியைச் சுவரை நோக்கி நீட்டிப் பிடித்து, குழலின் மேல் முன்முனைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். விசையை இழுங்கள். நாணயம் ஒவ்வொரு தடவையும் விழுந்தால் அடுத்த துப்பாக்கியைக் கேளுங்கள். நான்கு துப்பாக்கியிலும் விழுந்தால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரேஞ்சுக்குத் திரும்புங்கள். உரிமம் ஐந்து வருஷத்துக்குச் செல்லும்.