அரிய புற்றுநோய் மருந்துக்கு வரி நீங்கியது: சீத்தா கேம்ப்புக்கு எட்டுமா?

புது தில்லி: இளம் வயதினரைத் தாக்கும் அரிய மென்திசுப் புற்றுநோய்க்கும் பயன்படும் 'அடெசோலிசுமாப்' மருந்துக்கு விதிக்கப்பட்டிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் முற்றிலும் நீக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு இது. எனினும், மும்பை டிராம்பே பகுதியில் தமிழர்கள் கணிசமாக வாழும் சீத்தா கேம்ப் போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளுக்கு அம்மருந்து எட்டுமா என்ற கேள்வி நீடிக்கிறது.

'அல்வியோலர் சாஃப்ட் பார்ட் சார்கோமா' எனப்படும் இந்நோய், பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள்பட்டோருக்குத் தொடை போன்ற இடங்களில் வலியற்ற கட்டியாகத் தொடங்குகிறது. வலி இல்லாததால் பலர் பொருட்படுத்துவதில்லை. மெதுவாக வளர்ந்தாலும் நுரையீரல், எலும்பு, மூளைக்குப் பரவக்கூடியது.

முதல் வழி அறுவை

கட்டி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அறுவைச் சிகிச்சையே முதன்மையானது. ஆனால், சாதாரணக் கட்டி எனக் கருதி அவசரமாக வெட்டி எடுப்பது ஆபத்தாக முடியலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ஊசி மூலம் திசுப் பரிசோதனை, அதன் பிறகே அறுவை என்பதே முறை. தேவைப்பட்டால் கதிரியக்கச் சிகிச்சையும் அளிக்கப்படும். சிறுவர்களுக்கு வரும் 'ராப்டோமயோசார்கோமா'வில் கைகொடுக்கும் கீமோதெரபி, இந்நோயில் பெரிதாகப் பலன் தருவதில்லை.

நோய் பரவிய நிலையில், கட்டிக்கான ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் சுனிடினிப், பாசோபானிப் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் அடெசோலிசுமாபை, 2 வயது முதலான நோயாளிகளுக்கு வழங்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆய்வில் பங்கேற்ற 49 பேரில் 12 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 3 வாரங்களுக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 17 முறை இதைச் செலுத்த வேண்டும். வரி நீங்கினாலும் விலைச் சுமை நீங்கவில்லை.

ஒரே துறையின் இரு முகங்கள்

நெருக்கடி நிலைக் காலமான 1976-இல், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டிய ஜனதா காலனியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடமே சீத்தா கேம்ப். அம்மையமும், பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையும் பிரதமரின் பொறுப்பில் உள்ள அணுசக்தித் துறையின் கீழ் வருகின்றன. எலும்பு, மென்திசுப் புற்றுநோய்க்குத் தனிக் குழுவே இயங்கும் அம்மருத்துவமனை அதே நகரில் இருப்பது இம்மக்களுக்கு ஒரு வாய்ப்பு.

மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிராவ் புலே காப்பீட்டுத் திட்டம், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வழங்குகிறது. புற்றுநோய் மருத்துவமனைகளை இணைத்து 2012-இல் தொடங்கப்பட்ட தேசிய புற்றுநோய்க் கூட்டமைப்பு, மருந்துகளுக்குக் கூட்டாகப் பேரம் பேசி விலையைக் குறைத்துக் காட்டியுள்ளது. நோயாளிகள் குறைவாக உள்ள அரிய புற்றுநோய்களின் மருந்துகளுக்கும் அவ்வழியை விரிவுபடுத்தினால்தான் வரிச் சலுகையின் பயன் ஏழைக் குடும்பங்களைச் சென்றடையும். அந்த முடிவு தில்லியின் கையில் உள்ளது.