நீர்வழியும் அயலானும்

வட அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இருந்த இரண்டு அணைகள் 2011 முதல் 2014 வரை படிப்படியாய் அகற்றப்பட்டன. சால்மன் மீன் ஏறிவரும் வழியை இழந்த கல்லாம் பழங்குடி மக்கள் அதனை நெடுங்காலம் கோரிவந்தனர். 1992-இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னும் பணி தொடங்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. சுவரை இடிப்பதினும் மக்களை ஒருமுகப்படுத்துவதே அரிது என்பது இதனால் விளங்கும்.

காரைக்குடி, சிவகங்கைப் பகுதிகளில் ஊழியம் செய்வோர்க்கு இப்பாடம் எவ்வாறு பொருந்தும்? இங்கே நீரைத் தடுப்பது பேரணையன்று. தூர்ந்த வரத்துக்கால்களும், அவற்றின்மேல் எழுந்த ஆக்கிரமிப்புகளும், மண்டிய சீமைக் கருவேலமுமே. வடகிழக்குப் பருவமழையை நம்பும் இச்சீமையில் கண்மாய்கள் சங்கிலித் தொடராய் அமைந்துள்ளன. ஓர் ஊர்க் கண்மாய் நிறைந்தபின் கலுங்கு வழியே வழியும் நீர் அடுத்த ஊர்க் கண்மாயைச் சேரும். ஆகவே மேலூரில் அடைபட்ட கால்வாய், கீழூரில் தரிசாகிய வயலாய் முடியும். ஓரூர் மட்டும் தன் கண்மாயைத் தூர்வாரினால் பள்ளம் ஆழமாகுமேயன்றி, நீர் வந்துசேராது.

முற்காலத்தில் ஊரார் கூடிக் கரையையும் மடையையும் பேணிய முறை குடிமராமத்து எனப்பட்டது. 1858-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாய உழைப்பாக்கியது. அக்காலத்து உழைப்பின் பாரம் எளியோர்மீதே மிகுதியாய் விழுந்ததை நாம் மறத்தலாகாது. 2017-இல் தமிழக அரசு இப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் ஏற்கும்படி வகுத்தது. ஆனால் ஆயக்கட்டுதாரர் என்போர் நிலமுடையோர். பல ஊர்களில் மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளான தலித் மக்களும், கால்நடை மேய்ப்போரும், ஊருணியில் நீர் முகக்கும் பெண்களும் அவ்வட்டத்துள் அடங்கார். எக்கால்வாய் எங்கே அடைந்தது என்பதை நன்கறிந்தவர்களோ இவர்களே.

இங்கே போதகர் செய்யத்தக்கது யாது? முதலாவது, அவர் தலைமை ஏற்கச் செல்லாமல், கேட்பவராகச் செல்லவேண்டும். நீர்க்கட்டியோடு கலுங்கிலிருந்து அடுத்த கண்மாய்வரை ஒருமுறை நடந்துபார்த்தல் பத்துக் கூட்டங்களுக்குச் சமம். இரண்டாவது, சேகரம் என்பது பல ஊர்களை உள்ளடக்கியது. மேலூராரையும் கீழூராரையும் ஒருங்கே அறிந்தவர் அவர்களை ஒரே திண்ணையில் அமரச்செய்ய முயலலாம். மூன்றாவது, ஆக்கிரமிப்பு அகற்றப்படும்போது வாய்க்கால் ஓரத்தில் குடிசையிட்ட ஏழையே முதலில் வெளியேற்றப்படுவான். வசதியுடையோன் வேலி நிற்கும். மாற்றிடம் தராமல் குடிசையை அகற்றுவது நீதியாகாது. நம்மவர் நிலமும் கால்வாயை நெருக்குமானால், முதலில் அளக்கப்படவேண்டியது அதுவே.

ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தில், தூர்க்கப்பட்ட தன் தகப்பனின் துரவுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டுகிறான். நீர் கண்டதும் வழக்கு எழுகிறது. இரண்டு துரவுகளை விட்டு அகன்று, சண்டையில்லாத மூன்றாவதற்கே அவன் ரெகொபோத் என்று பேரிடுகிறான். தோண்டுதல் வேலையில் பாதியே. யாவருக்கும் இடம் உண்டாகும்வரை அவ்வேலை முடிவதில்லை.