ஓடாத வைஃபை சொல்லும் உண்மை

ஒரு லேப்டாப் முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளிலேயே இயங்குமா என்று தெரிந்துகொள்ளப் பெரும்பாலோர் செய்கிற சோதனை ஒன்றுதான்: உபுண்டுவை ஏற்றிப் பார்ப்பது. படம் தெரிந்தது, பாட்டு கேட்டது, வைஃபை பிடித்தது என்றால் 'இயங்கும்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு செல்லாது. பல லேப்டாப்களில் வைஃபை பிடிப்பதற்கே, சிப்பைச் செய்த நிறுவனம் மூலநிரல் காட்டாமல் கொடுத்த ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று வேண்டும். உபுண்டு அதை நம்மைக் கேட்காமலே உள்ளே வைத்துத் தருகிறது. அதற்குக் காசில்லை என்பது உண்மை. அதைப் படிக்கவோ திருத்தவோ வழியில்லை என்பதும் உண்மை. ஆங்கிலத்தில் காசின்மைக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு என்பதால் நமக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது.

ஆகவே சோதனையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். டிரிஸ்குவல் போன்ற இயங்குதளங்கள், மூடிய ஃபர்ம்வேரை அடியோடு நீக்கிய லினக்ஸ்-லிப்ரே கெர்னலைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் ஒன்றைப் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தால், எது வேலை செய்யவில்லையோ அதுதான் நாம் தேடிய விடை. இன்டெல் வைஃபை அட்டை உள்ள லேப்டாப்பில் இணைப்பு வராது. ஏத்9கே டிரைவரில் ஓடும் பழைய ஏத்திரோஸ் அட்டை என்றால் எந்தக் கோப்பும் கேட்காமல் வந்துவிடும். கிராஃபிக்ஸும் அப்படித்தான். ஏஎம்டியின் டிரைவர் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, ஆனால் சிப்புக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் மூடியது. என்விடியாவோ 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் சிப்களிலிருந்து, தன் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை முழுமையாக ஏற்பதில்லை. எனவே, மற்றவர்கள் எழுதி வைத்தாலும் பயனில்லை.

இந்தச் சோதனைக்கும் கண் தெரியாத இடம் ஒன்று உண்டு. இயங்குதளம் எழுவதற்கு முன்பே மதர்போர்டில் ஓடத் தொடங்கிவிடும் பயாஸ் அது. அதற்கு மாற்றாக, 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 'லினக்ஸ்பயாஸ்' என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய கோர்பூட். அதை அடிப்படையாக வைத்து வந்தது லிப்ரேபூட். ஆனால் இன்டெல் கணினிகளில் பயாஸுக்கும் அடியில் 'மேனேஜ்மென்ட் எஞ்சின்' என்ற தனிச் செயலி உட்கார்ந்திருக்கிறது. 2008-இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்200-இல் அதன் நிரலை அழித்துவிட்டாலும் லேப்டாப் இயங்கும். அடுத்த தலைமுறையிலிருந்து, இன்டெல் கையொப்பமிட்ட நிரல் அங்கே இல்லையென்றால் முப்பது நிமிடத்தில் கணினி தானாக அணைந்துவிடும். எக்ஸ்200 இன்றும் தேடி வாங்கப்படுவதற்கு இந்த ஒரு வேறுபாடுதான் முதற்காரணம். லிப்ரேபூட் ஏற்றிய எக்ஸ்200-க்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2015-இல் 'உங்கள் சுதந்திரத்தை மதிக்கிறது' என்ற சான்றும் கொடுத்தது.

வங்கிக் கணக்குப் பார்க்கவும் கட்டுரை அடிக்கவும் லேப்டாப் வைத்திருப்பவருக்கு அடித்தளத்தில் என்ன ஓடினால் என்ன என்று கேட்கலாம். 2017 மே மாதம், அந்த எஞ்சினோடு வரும் தொலைநிர்வாக வசதியில் ஓட்டை இருப்பதை இன்டெலே ஒப்புக்கொண்டது. கடவுச்சொல்லுக்கான பதிலை வெறுமையாக அனுப்பினாலே உள்ளே நுழைய முடிந்தது. அந்த வசதி இயக்கப்பட்டிருந்த கணினியின் சொந்தக்காரர், எவ்வளவு பெரிய நிரலாளராக இருந்தாலும், அந்த நிரலைத் தானே திருத்த முடியவில்லை. வசதியை முடக்கி வைக்கலாம். மற்றபடி லேப்டாப் கம்பெனி புதிய ஃபர்ம்வேர் தரும்வரை காத்திருப்பதுதான் வழி.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. எக்ஸ்200 மட்டும் முழுக்கக் கட்டற்றதா? அதன் ஹார்டு டிஸ்க்கிலும், விசைப்பலகையையும் பேட்டரியையும் கவனிக்கும் சிறு சிப்பிலும், செயலியின் மைக்ரோகோடிலும் மூடிய நிரல்தான் இருக்கிறது. அறக்கட்டளை, பயனர் மாற்றுவதற்காக வைக்கப்படாத துணைச் செயலிகளின் உள்நிரலுக்கு விலக்குத் தருகிறது. இந்தக் கோடு எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. சிப்புக்குள் புதைந்திருந்தால் பாவமில்லை, டிஸ்க்கிலிருந்து ஏற்றினால் பாவம் என்பது விந்தையான ஆசாரம். மைக்ரோகோடு திருத்தத்தை ஏற்ற மறுப்பதால், அதே சிப்பிலுள்ள பிழையுள்ள பழைய மைக்ரோகோடு கட்டற்றதாகிவிடாது. லிப்ரேபூட் 2022-இல் தன் கொள்கையை மாற்றி, மூடிய நிரலை முற்றாக மறுப்பதற்குப் பதில் இயன்றவரை குறைப்பது என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தினர் வாக்கெடுத்து, மூடிய ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்க்க இசைந்தார்கள். ஆனால் அது தனிப் பிரிவில், தனிப் பெயரோடு இருக்கிறது. எது எதற்குத் தேவைப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். இதை நான் சரணாகதி என்று சொல்லமாட்டேன். எங்கே அடிமைப்பட்டிருக்கிறோம் என்ற பட்டியல் கையில் இருப்பது, உபுண்டுவின் மௌனத்தைவிட மேல்.

அதனால் 'ஆம், இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொல்லாமல், எந்த அடுக்குவரை என்று சொல்வதுதான் நேர்மை. இயங்குதளமும் டிரைவர்களும் வரை என்றால் பல லேப்டாப்கள் தேறும், வைஃபை அட்டையை மட்டும் மாற்றினால் போதும். பயாஸ் வரை என்றால் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கும். மேனேஜ்மென்ட் எஞ்சின் அறவே கூடாது என்றால் இன்டெலில் எக்ஸ்200, டி400 போன்ற பழையவையே மிஞ்சும். எக்ஸ்200-இல் 8 ஜிபிக்கு மேல் ரேம் போட முடியாது, இன்றைய இணையதளங்கள் அதைத் திணறடிக்கும். கடைசிப் புள்ளிவரை, ஒவ்வொரு சிப்பிலும் கட்டற்ற நிரல் ஓடுகிற லேப்டாப் ஒன்று கடையில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பழைய திங்க்பேட் வாங்கப் போகிறவர்கள் டிரிஸ்குவல் ஏற்றிய பென் டிரைவோடு போங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: லெனோவோவின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைக் கண்டால் கணினியை எழவே விடாது. முதலில் லிப்ரேபூட், பிறகுதான் ஏத்திரோஸ் அட்டை.