பேய்க் கதை விரும்பும் அன்பர்களுக்கு

பேய்க் கதை என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர் பலர். தொல்காப்பியர் அவ்வாறு சுளிக்கவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் அணங்கையே முதலில் நிறுத்தினார். சயங்கொண்டாரோ கலிங்கப் போர்க்களத்தில் பேய்களைக் கூட்டிக் கூழ் அட்டு உண்ணவே வைத்தார். பசியால் மெலிந்த அப்பேய்களைக் கண்டு நாம் அஞ்சுகிறோம், மறுகணம் நகைக்கிறோம். அச்சத்தையும் நகையையும் ஒரே கலத்தில் இட்டுத் தரும் அவ்வாற்றல் பிற்காலத்தார்க்கு எளிதில் வாய்க்கவில்லை என்பது நம் கருத்து.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இத்துறையில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. குடியேறிய ஊரின் பேய்களையும் அவர்கள் அறிந்துகொள்ளலாம். வங்காளத்தில் மீன் வாசனைக்குப் பின்தொடரும் பேய் வேறு. சங்கு வளையல் அணிந்த சுமங்கலிப் பேய் வேறு. நள்ளிரவில் பெயர் சொல்லி அழைக்கும் 'நிசி' என்பதொன்றும் உண்டு. மூன்றாம் முறை அழைக்கும் வரை பதில் கூறலாகாது என்பர். மொழிபெயர்ப்பில் இவை யாவும் 'பேய்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவது நம் தொழிலின் வருத்தங்களுள் ஒன்று.

ஆதலின், வங்க மொழி கற்றவர் முதலில் தாகூரின் 'க்ஷுதித பாஷாண்' கதையை நாடுக. 1895இல் வெளிவந்தது. பருத்தி வரி வசூலிக்கும் அதிகாரி ஒருவர் பாழடைந்த அரண்மனையில் தங்குகிறார். இரவுதோறும் பழைய காலம் அங்கே உயிர்பெறுகிறது. இளமையில் ஆமதாபாத் ஷாஹிபாக் அரண்மனையில் தாகூர் தங்கியிருந்த அனுபவமே இதன் வித்து. இதில் இரத்தம் இல்லை, கோரப்பல் இல்லை; எனினும் படித்து முடித்தபின் விளக்கை அணைக்கத் தயங்குவோம். அவருடைய 'மணிஹாரா' கதையைச் சத்யஜித் ராய் 1961இல் 'தீன் கன்யா' படத்தின் ஒரு பகுதியாக்கினார். நகைமேல் கொண்ட பேராசை, நகையணிந்த எலும்புக்கூடாகத் திரும்பி வரும் கதை அது.

இந்திப் படங்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. 'மஹல்' (1949), 'வோ கௌன் தீ' (1964) ஆகியவற்றில் பாட்டு இனிது, இருளும் அழகு. ஆனால் இறுதியில் பேய், பேயன்று என்றாகிவிடும். அந்த 'வோ கௌன் தீ'யே 1966இல் தமிழில் 'யார் நீ' ஆயிற்று. இவற்றினும் நம் மனத்துக்கு உகந்தது மலையாளத்தின் 'பார்கவி நிலையம்' (1964). வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய அக்கதையில், பாழ் வீட்டிற்குக் குடிவரும் எழுத்தாளர் அங்குள்ள ஆவியோடு தோழமையுடன் உரையாடுகிறார். பேயைக் கண்டு இரங்கவும் கூடும் என்று காட்டிய படம் அது.

இனி வீட்டுப் பிள்ளைகள். தமிழ் பேசுவர், தமிழ் எழுத்தை அறியார். இக்குறையைப் பல பெற்றோர் நம்மிடம் கூறுவதுண்டு. நீதிநூலை நீட்டினால் ஓடும் பிள்ளை, வேதாளம் முருங்கைமரம் ஏறும் கதைக்கு உட்காரும். விக்கிரமாதித்தன் கதையை உரக்கப் படித்து, வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிடுக. விடையறியும் ஆவல் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தூண்டும். மிகச் சிறியவர்களுக்கு இரவில் வேண்டா, பகலே போதும்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் பிள்ளைகள் வளர்ந்தபின் கொடுக்கலாம். நள்ளிரவில் எழும் வாடை பேயினதா, மனத்தினதா என்பதை ஆசிரியர் தீர்த்துச் சொல்லவில்லை. பெற்றோரும் சொல்ல வேண்டா.