ஓய்வுபெற்ற துப்பறிவாளரும் தீராத கொலையின் வாசகர்களும்

ஒரு கொலை வழக்கு தீராமல் போனால் அதற்கு என்ன ஆகிறது? சட்டத்தின் பார்வையில் கோப்பு மூடப்படாமல் அலமாரியில் கிடக்கிறது, அவ்வளவுதான். சமூகத்தில் அது அப்படிக் கிடப்பதில்லை, கைமாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் பத்திரிகைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு நாவலாசிரியர்கள், சினிமாக்காரர்கள். கடைசியில் அந்த ஒரு வழக்கையே ஆண்டுக்கணக்கில் படித்து, குறிப்பெடுத்து, தங்களுக்குள் கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொள்ளும் வாசகர் கூட்டம் ஒன்று உருவாகிறது. இந்தக் கூட்டத்தின் நடுவே ஓய்வுபெற்ற போலீஸ் துப்பறிவாளர் ஒருவர் வந்து உட்கார்ந்து, ஆள் யாரென்று எனக்குத் தெரியும், கேளுங்கள் சொல்கிறேன் என்றால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து எலிசபெத் ஷார்ட் கொலையில் இது நடந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வாசிப்பு, அதிகாரம், உண்மை என்ற மூன்றுக்குமுள்ள உறவைப் பற்றிச் சிலவற்றை யோசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சங்கதி. 1947 ஜனவரி 15 காலை, லைமர்ட் பார்க் பகுதியில் காலிமனை ஒன்றில் இளம்பெண்ணின் உடல் கிடந்தது. இடுப்போடு இரண்டாக அறுக்கப்பட்டு, ரத்தம் வடிக்கப்பட்டு, வாயின் இரு ஓரங்களும் கிழிக்கப்பட்டு. கைரேகைகள் தந்திப்பட முறையில் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டன. எஃப்பிஐ ஒரு மணி நேரத்துக்குள் அடையாளம் கண்டது. பாஸ்டனில் பிறந்து மெட்ஃபோர்டில் வளர்ந்த எலிசபெத் ஷார்ட், வயது 22. ராணுவ முகாமொன்றில் வேலைக்கு விண்ணப்பித்தபோதும், சட்டம் அனுமதிக்கும் வயதுக்கு முன்பே குடித்ததற்காகப் பிடிபட்டபோதும் 1943இல் கொடுத்த ரேகைகள் அவை. ஒரு சாதாரணப் பெண் அரசின் பதிவேட்டில் எப்படி இடம்பெறுகிறாள் என்பதற்கு இதுவே நல்ல சாட்சி. வேலை கேட்டாக வேண்டும், இல்லையென்றால் பிடிபட்டாக வேண்டும்.

இதற்குப் பிறகு பத்திரிகைகள் செய்த காரியம் உலகறிந்தது. 'எக்ஸாமினர்' செய்தியாளர்கள் தாய்க்குத் தொலைபேசியில் பேசி, உங்கள் மகள் அழகிப் போட்டியில் ஜெயித்திருக்கிறாள் என்று சொல்லி மகளின் வாழ்க்கை விவரங்களையெல்லாம் கறந்துகொண்டார்கள். அதன் பிறகே கொலையைச் சொன்னார்கள். 1946இல் வெளிவந்த 'த ப்ளூ டாலியா' படத்தின் சாயலில் 'ப்ளாக் டாலியா' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த நிமிஷத்திலிருந்து எலிசபெத் ஷார்ட் என்ற ஆள் போய்விட்டார், பாத்திரம் வந்துவிட்டது. அவர் பாலியல் தொழிலாளி என்று பின்னால் பலரும் எழுதினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. இருந்திருந்தால் மட்டும் என்ன என்ற கேள்வியை எழுதியவர்களில் அநேகம் பேர் கேட்டுக்கொள்ளவில்லை. பத்திரிகைக்கே ஒரு பொட்டலம் தபாலில் வந்தது. அதில் அவருடைய பிறப்புச் சான்றிதழ், படங்கள், ஒரு முகவரிப் புத்தகம். தடயம் தெரியாதபடி பெட்ரோலால் துடைக்கப்பட்டிருந்தன. நான்தான் கொன்றேன் என்று ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களாக முன்வந்தார்கள். செய்யாத கொலையைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் இந்த ஆசாமிகளையே இவ்வழக்கின் முதல் வாசகர்கள் என்று நான் சொல்வேன். பிரதிக்குள் தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்.

இப்போது துப்பறிவாளரிடம் வருவோம். ஸ்டீவ் ஹோடல் 1963இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் சேர்ந்து, ஹாலிவுட் சரகத்தில் கொலை வழக்குகளை விசாரித்து, 1986இல் ஓய்வுபெற்றவர். 1999இல் அவருடைய தந்தை டாக்டர் ஜார்ஜ் ஹோடல் 91 வயதில் இறந்தார். தந்தை வைத்திருந்த சிறிய ஆல்பம் ஒன்றில் இருந்த இரண்டு பெண் படங்கள் மகனுக்கு எலிசபெத் ஷார்ட் போலத் தெரிந்தன. அங்கே தொடங்கிய தேடல் 2003இல் புத்தகமாக வந்தது. என் அப்பாதான் கொலையாளி என்பது அதன் முடிவு. அத்தோடு அவர் ஓயவில்லை. புத்தகத்துக்குப் பின் புத்தகமாக எழுதினார். வாசகர்கள் கேள்வி அனுப்ப, இவர் பதில் சொல்ல, அவர்கள் அனுப்பிய தகவல் அடுத்த புத்தகத்துக்குச் சான்றாக மாற, இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

அவர் சொல்வதில் சாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. புத்தகம் வந்த அதே 2003இல் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' பத்தி எழுத்தாளர் ஒருவர் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பழைய கோப்பைப் பார்க்கக் கேட்டார். டாக்டர் ஹோடல் உண்மையிலேயே சந்தேக நபர்களில் ஒருவராக இருந்ததும், 1950 பிப்ரவரி 18 முதல் மார்ச் 27 வரை அவர் வீட்டில் ரகசிய ஒலிவாங்கி வைத்து ஒட்டுக்கேட்டதும் வெளியே வந்தன. நான் கொன்றதாகவே வைத்துக்கொண்டாலும் இப்போது நிரூபிக்க முடியாது என்கிற தொனியில் அவர் பேசிய பேச்சு அந்தப் பதிவில் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் சொந்த மகளோடு முறைகேடாக நடந்தார் என்ற வழக்கில் அவர் விடுதலையாகியிருந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசு அலமாரியில் கிடந்த காகிதம் வெளியே வரக் காரணம் வெளியாட்களின் நச்சரிப்பு. செயல்பாட்டாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோப்பு தானாகத் திறப்பதில்லை.

சரி, சந்தேக நபர் என்பது நிரூபணமாகிவிடுமா? ஆகாது. கோப்பில் அவர் ஒருவர் பெயர் மட்டும் இல்லை. பேச்சில் ஒரு வாக்கியம் ஒப்புதலாகவும் இருக்கலாம், வீட்டில் ஒலிவாங்கி இருப்பது தெரிந்த ஆளின் கிண்டலாகவும் இருக்கலாம். அரசு வழக்கறிஞர்களில் ஒருவரான ஸ்டீபன் கே, தனிப்பட்ட முறையில் ஹோடலின் முடிவை ஏற்றுக்கொண்டார். போலீஸ் துறையோ வழக்கு முடிந்துவிட்டதாக அறிவிக்கவில்லை.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தொடக்கமாக இருந்த அந்த இரண்டு படங்களும் எலிசபெத்துடையவை அல்ல என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஒன்று வேறொரு பெண்ணுடையது என்பதைப் பிற்பாடு ஹோடலே ஒப்புக்கொண்டார். முடிவு மட்டும் அசையவில்லை. அஸ்திவாரக் கல்லை உருவியும் கட்டடம் நிற்கிறது என்றால், அது அந்தக் கல்லின் மேல் கட்டப்படவே இல்லை என்றுதான் அர்த்தம். பிறகு முடிவு பெருக ஆரம்பித்தது. சிகாகோவில் ஒரு கொலை, மணிலாவில் ஒரு கொலை, கடைசியில் 2009 புத்தகத்தில் கலிஃபோர்னியாவின் 'ஸோடியாக்' கொலைகள் என்று எல்லாம் அதே தந்தையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. எல்லாவற்றையும் விளக்கும் கோட்பாடு எதையும் விளக்குவதில்லை என்று கோட்பாட்டுச் சண்டைகளில் நாம் அடிக்கடி சொல்வது இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

இதில் இலக்கிய வாசகனுக்கு உறைக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. டாக்டர் ஹோடல் சர்ரியலிசக் கலைஞர் மான் ரேயின் நண்பர். காலிமனையில் உடல் கிடத்தப்பட்ட விதம் மான் ரேயின் 'மினோடார்' புகைப்படத்தை மேற்கோள் காட்டுகிறது, கிழிக்கப்பட்ட வாய் அவருடைய உதடுகள் ஓவியத்தை மேற்கோள் காட்டுகிறது என்பது மகனின் வாசிப்பு. அதாவது ஊடிழைப்பிரதி! நாம் கவிதைக்குச் செய்வதை அவர் பிணத்துக்குச் செய்கிறார். கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய கட்டுரையில், ஓவியங்களின் காதுமடலையும் நகத்தையும் பார்த்து ஓவியனைக் கண்டுபிடித்த மொரெல்லி, சிகரெட் சாம்பலைப் பார்த்து ஆளைச் சொல்லும் ஷெர்லக் ஹோம்ஸ், கனவின் துணுக்கிலிருந்து மனத்தைப் படித்த ஃப்ராய்ட் ஆகிய மூவரும் ஒரே அறிதல்முறையைச் சேர்ந்தவர்கள் என்று காட்டினார். அற்பமான தடயத்திலிருந்து மறைந்திருக்கும் முழுமைக்குப் போவது அம்முறை. விமர்சகனும் அந்தக் குடும்பம்தான். வித்தியாசம் என்னவென்றால், கவிதையில் நான் தப்பான ஒப்புமை கண்டுபிடித்தால் யாரும் தூக்கில் தொங்கப் போவதில்லை. கொலையில் ஒப்புமை குற்றச்சாட்டாகிவிடுகிறது.

ஏன் ஒரு துப்பறிவாளர் பணியில் இருக்கும்போது இப்படி வாசிக்க முடிவதில்லை? புத்திசாலித்தனம் குறைவு என்பதால் அல்ல. பணியில் அவரைச் சுற்றித் தடுப்புகள் உண்டு. தடயப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் இது தேறுமா என்று கேட்பார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் துவைத்துப் போடுவார். கடைசியில் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி. ஓய்வுக்குப் பிறகு இவை எதுவும் இல்லை, ஆனால் 'முன்னாள் துப்பறிவாளர்' என்ற அடைமொழி மட்டும் மிஞ்சுகிறது. தடுப்புகள் கழன்றுபோன அதிகாரம் இது. அதிலும் ஒரு முரண். ஊழல் போலீஸ் வழக்கை மூடி மறைத்தது என்று ஹோடல் குற்றம் சாட்டுகிறார். நான் போலீஸில் இருந்தவன், என்னை நம்புங்கள் என்றும் சொல்கிறார். நிறுவனத்தை மறுக்கும் குரலே நிறுவனத்தின் முத்திரையைக் காட்டிப் பேசுகிறது. வாசகர்களுக்கு இரண்டும் ஒருசேரக் கிடைப்பதால்தான் இவ்வளவு கவர்ச்சி. அவர்கள் ஜூரி ஆகிறார்கள், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் இல்லாத ஜூரி. செத்துப்போன ஆளுக்கு யார் வாதாடுவது? சந்தேகம் எழுப்பும் வாசகரை எதிர்முகாம் என்று ஒதுக்கிவிடலாம். அங்கே இன்னொரு மருத்துவர்மேல் சந்தேகம் கொண்டவர்களும், தங்கும் விடுதிச் சிப்பந்தி ஒருவர்மேல் சந்தேகம் கொண்டவர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். 1995இலேயே ஒரு பெண், என் அப்பாதான் கொன்றார் என்று புத்தகம் போட்டிருக்கிறார். தந்தையின்மேல் குற்றம் சுமத்தும் இரண்டு புத்தகங்கள் ஒரே பிணத்தைச் சுற்றி எழுதப்பட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள் நடந்து பேசப்படாத வன்முறை, ஊரறிந்த கொலை ஒன்றின் மொழியைக் கடன் வாங்கிப் பேசுகிறது.

இதற்கு மாற்றாக ஒரு உதாரணம். நாவலாசிரியர் ஜேம்ஸ் எல்ராயின் தாய் 1958இல் கொலையானார், வழக்கு தீரவில்லை. 1987இல் எலிசபெத் ஷார்ட் கொலையை வைத்து நாவல் எழுதியவரும் இவரே. பில் ஸ்டோனர் என்ற ஓய்வுபெற்ற துப்பறிவாளரோடு சேர்ந்து தாயின் வழக்கைத் திரும்ப விசாரித்து 1996இல் 'மை டார்க் பிளேசஸ்' எழுதினார். கொலையாளி அகப்படவில்லை. புத்தகம் அதைச் சொல்லி, தகவல் தெரிந்தவர்கள் ஸ்டோனரைத் தொடர்புகொள்ளும்படி கேட்டு முடிகிறது. துப்பறிவாளரும் வாசகரும் பேசிக்கொள்ள இப்படியும் ஒரு வழி உண்டு. தெரியாது என்று சொல்லிவிட்டுக் கேட்பது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் நடந்த தொடர் வன்புணர்ச்சி, கொலைகளுக்காக 2018 ஏப்ரலில் ஜோசப் டிஆஞ்சலோ கைதானார். அவர் முன்னாள் போலீஸ்காரர். அந்த வழக்கைப் பின்தொடர்ந்த ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படித்தவர்கள். மிஷெல் மெக்நமாரா போன்றவர்களின் எழுத்து வழக்கை மறக்கவிடாமல் வைத்திருந்தது உண்மை. ஆனால் ஆளைக் காட்டியது தடயங்களின் வாசிப்பல்ல. பத்திரமாக வைக்கப்பட்டிருந்த உயிரியல் மாதிரியும், டிஎன்ஏ வழியாகத் தூரத்து உறவினர்களைக் கண்டுபிடித்து வரைந்த வம்சாவளியும்தான். எலிசபெத் ஷார்ட் வழக்கில் அப்படி ஒப்பிட்டு முடிவு சொல்லத்தக்க மாதிரி எதுவும் வெளிவரவில்லை. மாதிரி இல்லாத இடத்தைத்தான் வாசிப்பு நிரப்புகிறது.

அப்படியானால் வெளியாட்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. கோப்பைத் திறக்க வைத்தது அவர்கள்தானே. கோப்பைத் திறக்கக் கோருவது ஒரு வேலை, தீர்ப்பு எழுதுவது வேறு வேலை. உண்மை அறியும் குழுக்களில் போய் வந்தவர்கள் இவ்விதழின் வாசகர்களிடையே உண்டு. ஊருக்குள் நுழையும் முன்பே முடிவு தயாராக இருந்தால், கிடைக்கும் ஒவ்வொரு வாக்குமூலமும் அதற்குச் சாட்சியாகவே கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் எந்த அறிக்கையிடமும், முன்னாள் அதிகாரி எழுதியதானாலும் நம் தோழர்கள் எழுதியதானாலும், மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்தச் சான்று கிடைத்தால் இந்த முடிவைக் கைவிடுவீர்கள்? முதல் சான்று பொய்த்தபோது என்ன செய்தீர்கள்? இறந்தவரைப் பற்றி, அவர் இறந்த விதத்தைத் தவிர வேறு என்ன எழுதியிருக்கிறீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு இந்த வழக்கில் கிடைக்கும் பதில் மிகச் சின்னது. மூச்சுக் கோளாறு இருந்ததால் குளிர்காலங்களில் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பப்பட்ட பெண். உணவு விடுதிகளில் பரிமாறும் வேலை பார்த்தவர். மணக்கவிருந்ததாக அவர் சொன்ன விமானப்படை அதிகாரி 1945 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், இந்தியாவில் விமான விபத்தில் செத்துப்போனார். பிறகு அறை மாற்றி அறை, கடன், கடிதங்கள். கொலையாளி யாரென்று எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால் இவற்றுக்குச் செலவான மை ரொம்பக் கொஞ்சம். ஓக்லண்ட் இடுகாட்டில் அவருடைய கல்லில் 'டாலியா' என்ற பெயர் இல்லை. எலிசபெத் ஷார்ட் என்றுதான் இருக்கிறது.