வயல் எந்தக் கரை, வீடு எந்தக் கரை?

ஜமீன் சிங்கம்பட்டியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “பெருங்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மகள் பிளஸ் ஒன் போகிறாள். அம்மாவை மாதம் இரண்டு முறை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிக்குக் குடிபோவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆனால் விவசாயத்தை விட மனமில்லை. எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?”

இதை வேளாண்மை அலுவலரிடமா கேட்பது என்று சிலர் நினைக்கலாம். என்னிடம் கேட்டது சரிதான். இந்தப் பக்கம் தரிசாகக் கிடக்கும் வயலைக் காட்டி யாருடையது என்று கேட்டால், “அவுக திருநவேலிக்குக் குடிபோயிட்டாகள்லா” என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நிலத்தைக் கைவிட நினைத்துப் போனவர்கள் அல்ல அவர்கள். முதல் பிசானத்துக்கு வாரம் மூன்று முறை வருவார்கள். அடுத்த பிசானத்தில் போனில் விசாரிப்பார்கள். அதற்கடுத்து பாட்டத்துக்கு விடுவார்கள். இதற்குச் சோம்பல் காரணமில்லை. பெரும்பாலும் வீடு பார்த்த இடம்தான் காரணம்.

மணிமுத்தாற்றிலிருந்து திருநெல்வேலி சுமார் 45 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை யாரும் ஓட்டிவிடலாம். நகரத்துக்குள் நுழைந்த பிறகு வீட்டுக்குப் போய்ச் சேரும் கடைசி ஆறேழு கிலோமீட்டர்தான் ஆளைச் சலிக்க வைக்கும். ஆகவே வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தாமிரபரணியின் எந்தக் கரை என்று கேளுங்கள். உங்கள் வயல் ஆற்றுக்குத் தென்கரை. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, முன்னீர்பள்ளம் எல்லாமே அதே கரை. அந்தச் சாலையிலேயே வந்தால் மேலப்பாளையம், பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, பாளையங்கோட்டை வரைக்கும் தாமிரபரணியைக் கடக்க வேண்டியதில்லை. இடையில் பச்சையாறு மட்டும் குறுக்கிடும். ஜங்ஷன், டவுன், பேட்டை, தச்சநல்லூர் ஆகியவை ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

இது வெள்ளக் காலத்துக்கு மட்டுமான கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காலை எட்டரை மணிக்குக் கொக்கிரகுளம் பாலத்தையும் வண்ணாரப்பேட்டையையும் தாண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயலில் மடை மாற்ற வேண்டியவர், பள்ளிக்கூட வேன்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

வெள்ளத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் பேருந்து நிலையம், சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம், வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றன. மணிமுத்தாறு, பாபநாசம் அணைகளில் திறந்த தண்ணீரும் வழியில் சேர்ந்த காட்டாற்று நீரும்தான் அங்கே வந்தது. நம் வயலுக்குப் பாயும் தண்ணீர், அங்கே வீட்டுக்குள் புகுந்தது. 1992 நவம்பர் 13 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். வீட்டுத் தரகரைவிட அவர்களிடம் கேட்பது நல்லது.

ஆற்றங்கரையைவிட்டுத் தள்ளியிருந்தால் மட்டும் போதாது. ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: வேய்ந்தான்குளம், நயினார்குளம், கண்டியப்பேரி. குளமும் பேரியும் சும்மா ஒட்டிக்கொண்ட பெயர்கள் இல்லை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிரப்புகிறது. பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாக ஓடுகிறது. இந்தக் கால்வாய்களுக்குக் கீழே நஞ்சையாக இருந்த இடங்கள் பல இன்று தெருக்களாகிவிட்டன. பாசனம் நின்றாலும் பள்ளம் பள்ளம்தான். மனை வாங்குகிற எண்ணமிருந்தால், இணையத்தில் அ-பதிவேட்டைப் பார்த்து அந்தச் சர்வே எண் நன்செயா, புன்செயா, நீர்நிலைப் புறம்போக்கை ஒட்டியதா என்று பாருங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் களிமண் கையில் பிசுபிசுக்கிறதா என்று தெரிந்துவிடுமே. நெல் விளைந்த மண்ணை நமக்கா அடையாளம் தெரியாது?

இனி உங்கள் வீட்டு நிலைமை. அம்மாவின் சிகிச்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். அது பாளையங்கோட்டையில், பெயருக்கேற்ற மேட்டு நிலத்தில் இருக்கிறது. மகளுக்கான பள்ளிக்கூடங்களும் பாளையில் நிறைய உண்டு. பாபநாசம், அம்பாசமுத்திரம் பேருந்துகள் கிளம்பும் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில். மூன்றும் தென்கரை. எனவே பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, அல்லது அதற்கு மேற்கே மேலப்பாளையம், குறிச்சிப் பக்கம் பாருங்கள் என்பேன். பெருமாள்புரத்தில் வாடகை கூடுதலாகத்தான் இருக்கும். கே.டி.சி. நகரில் வீடுகள் புதிதாக, அகலமாக இருக்கின்றன என்று உறவினர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது நகரின் கிழக்குக் கடைசி. தினமும் பாளையை முழுதாகத் தாண்டித்தான் நீங்கள் மேற்கே திரும்ப வேண்டும். தூத்துக்குடியில் வேலை பார்ப்பவருக்கு அது நல்ல இடம்.

பேட்டையை நான் ஒதுக்கவில்லை. இருசக்கர வண்டி ஓட்ட முடியாதவருக்கு, முதுகுவலிக்காரருக்கு, பேட்டையும் டவுனும்தான் சரி. செங்கோட்டை பாசஞ்சர் அந்த இரண்டு நிலையங்களிலும் நிற்கும், கல்லிடைக்குறிச்சியில் இறங்கலாம். அங்கே தெரிந்தவர் வீட்டில் பழைய மொபெட் ஒன்றை நிறுத்தி வைத்தால் போதும். மகள் கல்லூரிக்குப் போகும்போது பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரியும், மேற்கே அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஒரே சிக்கல், முறைத்தண்ணீர் ரயில் நேரத்துக்கு வராது.

ராமையன்பட்டிப் பக்கம் வாடகை மலிவு என்று யாராவது சொன்னால், கோடையில் ஒரு மாலை நேரம் அங்கே போய் நின்று பாருங்கள். மாநகராட்சிக் குப்பைக்கிடங்கு அங்கேதான். அது தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்களை வைத்துக்கொண்டு அங்கே குடிபோக வேண்டாம்.

எந்த வீடானாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருநாள் அதிகாலை ஐந்து மணிக்கு அந்தத் தெருவிலிருந்து வண்டியை எடுத்து வயல்வரை போய், வேலையை முடித்து, மாலை ஆறு மணிக்குத் திரும்பிப் பாருங்கள். மார்கழியில் எப்படியிருக்கும் என்றும் யோசியுங்கள். பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால் குலைநோய் ஒரு வாரத்துக்குள் வயலை எரித்தது போலாக்கிவிடும். இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்ததுமே மருந்தடிக்க வேண்டும். அதைப் போனில் யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக் காவலும் இருக்கிறது. கதிர் முற்றும் மூன்று வாரங்கள் நீங்கள் ஊரில்தான் படுக்க வேண்டியிருக்கும். எனவே ஊர் வீட்டை வாடகைக்கு விடாதீர்கள். ஒரு அறையாவது உங்கள் கையில் இருக்கட்டும். மின் இணைப்பும் இருக்கட்டும்.

முதல் இரண்டு ஆண்டு வாடகை வீடு போதும். நஞ்சையில் ஒரு ஏக்கரை விற்று மனை வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், ஒரு காரும் ஒரு பிசானமும் போகட்டும் என்று தள்ளிப்போடுங்கள். அதற்குள் அந்தத் தெருவும் உங்களுக்குத் தெரிந்துவிடும், உங்கள் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆவணங்களிலும் ஒரு கவனம் வேண்டும். குடிபோன வேகத்தில் ஆதார் முகவரியையும் குடும்ப அட்டையையும் மாற்றிவிடாதீர்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குபவராக இருந்தால், முகவரி மாறினால் உறுப்பினர் பதிவு என்னவாகும் என்று சங்கச் செயலாளரிடம் முதலில் கேளுங்கள். பி.எம். கிசான் பதிவில் உள்ள செல்போன் எண்ணும் வங்கிக் கணக்கும் மாறாமல் இருக்கட்டும். அடங்கலில் ஒவ்வொரு போகமும் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் பாருங்கள். ஆள் ஊரில் இல்லையென்றால் முதலில் விடுபடுவது அதுதான். பயிர்க் காப்பீட்டுக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியவரும். பிசானத்துக்கு அணை திறக்கும் தேதி அறிவிக்கப்பட்டதும், நாற்றங்காலுக்கு முன் ஒருமுறை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்து, புதிய முகவரியையும் போன் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.